கடை விளக்கும் வீட்டு ஒளியும்

வீடு கட்டுவோர் கல்லையும் கம்பியையும் பற்றி மாதக் கணக்கில் கூடிப் பேசுவர். நிலைக்கதவு தேக்கா வேங்கையா என்று ஊர் ஊராக விசாரிப்பர். விளக்கைப் பற்றிய பேச்சோ வீடு முடிந்த பின்னரே எழும். பெரும்பாலும் கையிருப்பும் முடிந்த பின்னர். ஆதலின் கூடத்துச் சுவரில் கதவுக்கு மேலே ஒரு வெள்ளை பல்பு, அடுக்களையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று என்று மின்பணியாளர் தமக்கு எளிதான இடத்தில் மாட்டிவிட்டுப் போவதே அவ்வீட்டின் ஒளியாக இருபது முப்பது ஆண்டுகள் நிலைத்துவிடுகிறது.

வீடு மந்திரிக்கவும் நோயுற்றோரைக் காணவும் செல்லுமிடங்களில் இதனை நாம் பன்முறை கண்டிருக்கிறோம். மாலை வேளையில் கூடத்தில் அமர்ந்தால் எதிர்ச்சுவரின் பல்பு நேரே கண்ணில் குத்துகிறது. பேசுவோரின் முகம் நிழலில் இருக்கிறது. சுவரோ பளீரென்று இருக்கிறது. வீட்டு முதியவர் கையை நெற்றியில் வைத்து ஒளியை மறைத்துக்கொண்டே நம்மோடு உரையாடுகிறார். ஒளி இல்லாமலில்லை, இருக்கவேண்டிய இடத்தில் அது இல்லை. இக்குறையை நீக்கப் பெருஞ்செலவு தேவையென்று பலர் அஞ்சுகின்றனர். கடையில் கிடைக்கும் மலிவான விளக்கொன்றை வாங்கி, அதனை நம் வீட்டிற்கும் தேவைக்கும் ஏற்ப நம் கையாலேயே மாற்றியமைத்துக்கொள்ள இயலும் என்பதே இம்மாதம் நாம் சொல்ல வந்த செய்தி. பங்குச் சாமிக்கு விளக்குக் கடையில் என்ன வேலை என்று வாசகர் சிலர் நகைக்கலாம். நகைத்துவிட்டுத் தொடர்ந்து படிப்பாராக.

மலிவான விளக்கை மாற்றியமைப்பது ஏழ்மையின் அடையாளம் என்று எண்ணுவோருக்காக ஒரு வரலாறு. ஜப்பான் நாட்டில் கிஃபு என்னும் நகர் காகித விளக்குகளுக்குப் பெயர்பெற்றது. மூங்கிற் சிம்புகளை வளைத்து, முசுக்கொட்டை வகை மரப்பட்டையிலிருந்து செய்த மெல்லிய தாளை அவற்றின்மீது ஒட்டி, உள்ளே மெழுகுதிரி வைப்பர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அத்தொழில் நலிந்தது. 1951-ஆம் ஆண்டில் அந்நகர் வழியே சென்ற இசாமு நொகுச்சி என்னும் சிற்பியிடம், இத்தொழிலுக்குப் புத்துயிர் அளிக்க வழி சொல்லுமாறு நகரத் தலைவர் வேண்டினார். அவர் மெழுகுதிரியை எடுத்துவிட்டு மின்குமிழைப் பொருத்தினார். உருவங்களைச் சற்றே மாற்றினார். தாளும் மூங்கிலும் பழையனவே. அன்று தொடங்கிப் பல்லாண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட வடிவங்களை அவர் அமைத்தார். இன்று உலகின் பல நகரங்களில் மிகக் குறைந்த விலைக்கு விற்கும் உருண்டைக் காகித விளக்குகளைக் காண்போர், அவற்றில் கிஃபு நகரின் சாயல் இருப்பதை அறிவர்.

இதற்கும் கால் நூற்றாண்டு முன்னர் டென்மார்க்கில் பவுல் ஹென்னிங்சன் என்பவர், எரியும் இழை எந்தப் பக்கத்திலிருந்து நோக்கினும் கண்ணிற் படாதவாறு மூன்று மூடிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி ஒரு விளக்கை அமைத்தார். அது 1926-ஆம் ஆண்டு. விளக்கை நாம் பார்க்கலாகாது, விளக்கு காட்டும் பொருளையே பார்க்கவேண்டும் என்பது அதன் உட்கருத்து. மலிவான விளக்கைத் திருத்த முற்படுவோர் மனத்திற் கொள்ளவேண்டிய முதற்பாடமும் இதுவே. விளக்கு அழகாயிருக்கிறதா என்று கேட்குமுன், அமர்ந்திருப்பவர் கண்ணுக்குப் பல்பு தெரிகிறதா என்று கேட்கவேண்டும். தெரியுமானால் எத்தனை விலை கொடுத்து வாங்கிய விளக்காயினும் பயனில்லை.

முற்காலத்தில் இத்தகைய கைவேலைக்கு ஒரு பெருந்தடை இருந்தது. அது வெப்பம். நாம் குண்டு பல்பு என்று வழங்கிய இழை விளக்கு, தான் உண்ணும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட ஒளியாகத் தருவதில்லை, எஞ்சியதெல்லாம் வெப்பமே. 60 வாட் பல்பைத் தாளுக்கோ ஓலைக்கோ துணிக்கோ அருகில் வைத்தால் முதலில் பழுப்பேறும், பின்னர் கருகும், சில வேளை தீயும் பற்றும். இன்றோ எல்.இ.டி. பல்பு வந்துவிட்டது. சிவப்பும் பச்சையும் முன்னரே இருந்தன. நீல நிற ஒளி தரும் எல்.இ.டி. கிடைக்காமையால் வெள்ளொளி உண்டாக்க இயலாதிருந்தது. அதனைக் கண்டறிந்த அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதே 2014-இல் வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில், மிக்கேலாஞ்சலோவின் ஓவியங்களுக்கு ஊறு நேராவண்ணம் ஏறத்தாழ 7,000 எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தினர் என்பது நம் வாசகருக்கு மகிழ்வூட்டும் செய்தியாகும். நம் நாட்டில் 2015 சனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தின்கீழ் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் மலிவு விலையில் வீடுகளுக்குச் சென்றன. 60 வாட் குண்டு பல்பு செய்த வேலையை 9 வாட் பல்பு செய்கிறது. நாளொன்றுக்கு 5 மணி நேரம் எரிந்தால் முன்னது ஆண்டுக்கு ஏறத்தாழ 110 யூனிட் கொள்ளும். பின்னதற்கு 17 யூனிட்கூட ஆகாது. வெப்பம் குறைந்தமையால், ஓலையும் பாயும் தாளும் விளக்குக்குக் கூடாக அமையத் தகுதி பெற்றுவிட்டன.

எல்.இ.டி. சூடே ஆகாது என்று எவரும் எண்ணிவிடலாகாது. அதன் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்தால் சூடு தெரியும். உள்ளிருக்கும் மின்னணு உறுப்புகளே அச்சூட்டால் முதலில் கெடுவன. மேலும் கீழும் அடைத்த ஒரு கண்ணாடிச் சாடிக்குள் பல்பை வைத்து அழகு பார்ப்போர், ஈராண்டு உழைக்கவேண்டிய பல்பு ஆறு மாதத்தில் கண்ணை மூடியது ஏன் என்று பின்னர் கடைக்காரரைக் கடிந்துகொள்வர். கூட்டின் மேற்பக்கமும் அடிப்பக்கமும் காற்றோடத் திறந்திருத்தல் வேண்டும்.

ஒளியின் நிறத்தைப் பற்றியும் சில சொல்லவேண்டும். பல்பின் அட்டைப்பெட்டியில் 6500 கெல்வின், 4000 கெல்வின், 3000 கெல்வின், 2700 கெல்வின் என்று அச்சிட்டிருப்பர். எண் உயர்ந்தால் நீலம் கலந்த வெண்மை. தாழ்ந்தால் மெழுகுதிரியைப் போன்ற மஞ்சள். நம் ஊர்க் கடைகளில் கேளாமலே எடுத்துத் தருவது 6500-ஐத்தான். வெள்ளையாயிருந்தால் வெளிச்சம் மிகுதி என்பது நம்மிடையே வேரூன்றிய நம்பிக்கை. அது முற்றிலும் சரியன்று. வெளிச்சத்தின் அளவைக் காட்டுவது லூமென் என்னும் எண். நிறத்தைக் காட்டுவதே கெல்வின். இரவு நெடுநேரம் நீலம் மிகுந்த ஒளியில் இருப்பது உறக்கம் வருவதைத் தாமதப்படுத்தும் என்று மருத்துவ ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே படுக்கையறைக்கும் கூடத்து மூலைக்கும் 2700 அல்லது 3000. படிக்கும் மேசைக்கும் தையல் இயந்திரத்துக்கும் 4000. அடுக்களையில் அரிசியில் கல் பொறுக்குமிடத்தில் 4000 அல்லது 6500. நாம் பரிந்துரைப்பது இதுவே. மாற்றுக் கருத்துடைய தாய்மார் உண்டு. அவர்களோடு நாம் வழக்காட முன்வரோம்.

முதியோரைப் பற்றி இங்கு நின்று பேசவேண்டும். ஏனெனில் விளக்கு என்பது பலருக்கு அலங்காரம். அவர்களுக்கோ அன்றாட வாழ்வே அதைப் பொறுத்தது. அகவை ஏற ஏறக் கண்ணின் பாவை சிறுக்கிறது. விழியின் வில்லை மஞ்சளித்து மங்குகிறது. இருபது வயதினரின் விழித்திரைக்கு எட்டும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அறுபது வயதினருக்கு எட்டுகிறது. அதே வேளையில் கண்கூச்சமோ முன்னினும் மிகுதியாகிறது. ஆகவே அவர்களுக்கு ஒளி கூடுதலாக வேண்டும். ஆனால் அது கண்ணில் படலாகாது. சுவரின் உச்சியில் எரியும் ஒற்றை பல்பு இவ்விரண்டையும் தலைகீழாகச் செய்கிறது.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் எழுபத்தெட்டு வயதுப் பாட்டியார் ஒருவர் இருக்கிறார். நாள்தோறும் இரவில் செபப் புத்தகமும் மறைநூலும் வாசித்துப் பழகியவர், வாசிப்பதை விட்டுவிட்டார். கண்ணில் புரை மீண்டும் வந்துவிட்டது என்று வீட்டார் எண்ணினர். மருத்துவரிடம் காட்டியதில், அறுவை செய்த கண் நன்றாகவே இருப்பதாகத் தெரிந்தது. பாட்டியாரோ எவரிடமும் குறை சொல்லவில்லை. “வயசாயிட்டுல்லா சாமி, போதும்” என்று நம்மிடம் சொன்னதோடு சரி. பகலில் வாசிப்பது, இரவில் உறங்குவதற்குமுன் கட்டிலில் சும்மா அமர்ந்திருப்பது என்று தம் நாளை அவர் சுருக்கிக்கொண்டிருந்தார்.

தொழில்நுட்பக் கல்லூரியில் பயிலும் பேரன் ஒருவன் இதனைக் கவனித்தான். கடைவீதியில் சில நூறு ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் மேசை விளக்கு வாங்கினான். அதன் மூடி கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கால் ஆனது. ஒளி நாற்புறமும் சிதறிக் கண்ணைக் கூசியது. மூடியைக் கழற்றிவிட்டு, சந்தையில் வாங்கிய பனையோலைக் கொட்டான் ஒன்றைக் கவிழ்த்து, அதன் அடியில் வட்டமாக வெட்டி, ஹோல்டரின் வளையத்தில் பொருத்தினான். ஒளி மேலே போகாமல் கீழே திரும்புவதற்காகக் கொட்டானின் உட்புறம் வெள்ளைத் தாள் ஒட்டினான். கட்டிலில் அமர்ந்தால் கூட்டின் கீழ்விளிம்பு பாட்டியாரின் கண்மட்டத்திற்குச் சற்றே தாழ்வாக இருக்குமாறு ஒரு மரப்பலகையின்மேல் விளக்கை வைத்தான். எல்லாவற்றிலும் சிறந்தது அவன் இறுதியாகச் செய்தது. ஒயரின் நடுவிலிருந்த ஸ்விட்சைக் கட்டிலின் சட்டத்தில், படுத்தபடியே கை எட்டும் இடத்தில், பட்டைத் துணியால் இறுகக் கட்டினான். இரவில் எழும் முதியவர், இருட்டில் நான்கு அடி நடந்து சுவர் ஸ்விட்சைத் துழாவும் அந்த நான்கு அடியில்தான் விழுகிறார். இடுப்பெலும்பு முறிந்தால் அந்த வயதில் என்ன ஆகும் என்பதை நோயிற்பூசுதலுக்குச் செல்லும் எந்தக் குருவும் சொல்வார்.

அடுத்த முறை சென்றபோது மருமகளார் நம்மிடம் முறையிட்டார்: “சாமி, அத்தை இப்ப ராத்திரி பதினோரு மணி ஆனாலும் விளக்க அணைக்க மாட்டேங்காவ. நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்.” நாம் சொல்லவில்லை.

அச்சிறிய விளக்கு இவ்வளவு பயன் தந்ததற்குக் காரணம் எளிது. ஒளி தரும் இடம் பாதித் தொலைவுக்கு வந்தால் வெளிச்சம் இரு மடங்கன்று, நான்கு மடங்காகும். இரண்டு மீட்டர் உயரத்தில் 9 வாட் பல்பு எரிகிறது. அரை மீட்டர் தொலைவில் 5 வாட் பல்பு எரிகிறது. சுவர்களின் எதிரொளியைக் கணக்கிற் கொள்ளாவிடில், புத்தகத்தின்மேல் 5 வாட் பல்பு தரும் வெளிச்சம் 9 வாட்டினுடையதைப் போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு. அறை முழுவதையும் பகலாக்க முயன்று மின்சாரத்தை வீணாக்குவதினும், வேலை நடக்குமிடத்தில் ஒரு சிறு விளக்கை இறக்கி வைப்பது அறிவுடைமை. வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு இடப்புறத்திலிருந்தும், இடக்கைப் பிள்ளைக்கு வலப்புறத்திலிருந்தும் ஒளி வரவேண்டும். இல்லையேல் கையின் நிழல் எழுத்தின்மேல் விழும். உணவு மேசைமேல் தொங்கவிடுவோர், மேசைப்பலகைக்கும் கூட்டின் அடிவிளிம்புக்கும் இடையே முக்கால் மீட்டர் அளவு இடைவெளி விட்டால் எதிரே இருப்பவர் முகமும் மறையாது, பல்பும் தெரியாது.

இனிக் கூடு செய்யும் பொருள்கள். நம் நாட்டில் இவற்றுக்குப் பஞ்சமில்லை. தூத்துக்குடி மாவட்டத்தின் கடற்கரையில் உள்ள மணப்பாட்டில் பெண்கள் பனையோலையால் முடையும் பெட்டிகளும் கூடைகளும் பெயர்பெற்றவை. அவற்றுள் வாய் அகன்ற கூடை எதுவும் தொங்குவிளக்காகும். நெருக்கமாக முடைந்த கூடை ஒளியைக் கீழே மட்டும் இறக்கும். இடைவெளி விட்டு முடைந்தது சுவரெங்கும் நிழற்கோலம் இடும். பின்னது பார்க்க இனியது; அதன்கீழ் படிப்பது கடினம். பத்தமடைக் கோரைப்பாய் கிழிந்துபோனால் நல்ல பகுதியை வெட்டி, கம்பி வளையம் இரண்டில் சுற்றித் தைத்தால், கடைத் துணிக்கூட்டினும் மென்மையான ஒளி கிட்டும். சிரட்டையில் சிறு துளைகள் இட்டு 0.5 வாட் பல்பு வைத்தால் இரவு விளக்காகும். துளையிடுமுன் சிரட்டையை உட்புறமும் சுரண்டி வழவழப்பாக்கவேண்டும், இல்லையேல் நாரில் தூசு அடையும். இடியாப்பம் பிழியும் மூங்கில் தட்டுகள் இரண்டை வாயோடு வாய் வைத்துக் கட்டியும் ஒருவர் விளக்கு செய்திருந்தார். அவர் மனைவியார் அதற்குப் பின் புதுத் தட்டு வாங்கவேண்டியதாயிற்று என்பது தனிக்கதை. பழைய அரிக்கன் விளக்கையும் பலர் மின்விளக்காக மாற்றுகின்றனர். அது அழகுதான், ஆனால் தகரத்தால் ஆனது என்பதை நினைவிற் கொள்க. அதைப் பற்றிக் கீழே சொல்வோம்.

நம் வாசகர் இல்லங்களில் ஏறத்தாழ எல்லாரிடமும் இருக்கும் மலிவு விளக்கு ஒன்று உண்டு: கிறிஸ்து பிறப்பு நட்சத்திரம். திருக்காட்சித் திருநாள் கழிந்ததும் அதனை மடித்துப் பரணில் எறிந்துவிட்டு, அடுத்த ஆண்டு எலி கடித்ததென்று வேறொன்று வாங்குகிறோம். வெள்ளைத் தாள் நட்சத்திரமாயின், 5 வாட் மஞ்சளொளி பல்பு வைத்து மாடிப்படியின் திருப்பத்திலோ, பிள்ளைகள் அறையின் மூலையிலோ ஆண்டு முழுவதும் தொங்கவிடலாம். ஒருபுறம் நட்சத்திரத்தின் இரு முனைகளைத் தட்டையாக்கிச் சுவரோடு ஒட்டினாற் சுவர்விளக்காகவும் ஆகும். கண்ணைப் பறிக்கும் பளபளப்புத் தாள் ஒட்டியது இதற்கு உதவாது. சாதாரணத் தாளே நன்று.

கூடு எதுவாயினும் உட்புறம் வெண்மையாக இருந்தால் ஒளி வீணாகாது. கருஞ்சிவப்பு, கரும்பச்சைக் கூடுகள் பாதி ஒளிக்கு மேல் விழுங்கிவிடும்.

இப்போது மின்சாரம். இங்கு நாம் சற்றுக் கடுமையாகப் பேசுவோம், வாசகர் பொறுத்தருள்க.

ஒரு சிற்றூரில், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த இளைஞர் ஒருவர் கடையில் பித்தளைத் தண்டு விளக்கு ஒன்றை வாங்கி வந்து, தண்டின் அடியில் துளையிட்டு, உள்ளே ஒயரை நுழைத்து, உச்சியில் ஹோல்டர் பொருத்திக் கூடத்தில் வைத்தார். பார்த்தவரெல்லாம் பாராட்டினர். துளையின் விளிம்பைத் தேய்க்கவுமில்லை, ரப்பர் வளையம் இடவுமில்லை. நாளும் நகர்த்தி நகர்த்தி வைத்ததில் கூரிய விளிம்பு ஒயரின் மேலுறையை அறுத்துவிட்டது. சனிக்கிழமை மாலை தரையைக் கழுவிவிட்டு ஈரக்காலோடு அவர் தாயார் விளக்கைத் துடைக்கத் தொட்டார். தூக்கி எறியப்பட்டார். மகன் அருகில் இருந்து சுவர் ஸ்விட்சை அணைத்தமையால் பிழைத்தார். கையில் தீப்புண் ஆற இரு மாதம் ஆயிற்று. ஈரத்தரையும் உலோகத் தண்டும் மேலுறை அறுந்த ஒயரும் ஒன்று சேர்ந்தால் பிழைப்பது ஊழ்வலியன்றி வேறில்லை என்று மின்பணியாளர் ஒருவர் பின்னர் நம்மிடம் கூறினார்.

ஆதலின் உலோகத்தாலான எந்த விளக்கிற்கும், அரிக்கனோ பித்தளையோ எதுவாயினும், மூன்று கம்பி ஒயரும் மூன்று முள் பிளக்கும் வேண்டும். பச்சைக் கம்பியை விளக்கின் உலோக உடலோடு திருகாணியால் இறுக்கவேண்டும். சுவர்ப் பிளக்கில் எர்த் உண்மையாகவே இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் சோதிக்கவேண்டும். பழைய வீடுகள் பலவற்றில் மூன்றாம் துளை வெறும் துளையே. ஒயர் உலோகத்துள் நுழையும் ஒவ்வொரு துளையிலும் ரப்பர் வளையம் இடுக. பிளாஸ்டிக், மரம், ஓலை ஆகியவற்றாலான விளக்கே கைப்பழக்கம் இல்லாதோருக்கு ஏற்றது. கடை விளக்கின் ஹோல்டரையும் ஒயரையும் பிளக்கையும் அப்படியே வைத்துக்கொண்டு கூட்டை மட்டும் மாற்றுவோர், ஆபத்தின் பெரும்பகுதியைத் தொடாமலே கடந்துவிடுகின்றனர். மலிவு விளக்கை வாங்கி மாற்றுவதில் உள்ள நன்மையே இதுதான்: மின்பகுதி ஆயத்தமாக வருகிறது.

நம் நாட்டு ஹோல்டர் பெரும்பாலும் இரு பின் கொண்டது. வலைவழிக் கடைகளில் வாங்கும் விளக்குகள் சில திருகு வகையாக வருகின்றன. திருகு வகையில் பேஸ் கம்பி நடுப்புள்ளிக்கும் நியூட்ரல் கம்பி வெளித் திருகுக்கும் செல்லவேண்டும். மாறிப்போனால் பல்பைத் திருகும் விரல் மின்சாரத்தைத் தொடும். இரு முள் பிளக்கை எப்படியும் திருப்பிச் செருகலாமாதலால், பல்பு மாற்றுமுன் ஸ்விட்சை அணைத்தது போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுக. தொங்கவிடும் கூட்டின் பாரத்தை ஒயரின் இணைப்புத் தாங்கலாகாது. மெல்லிய சங்கிலியோ கயிறோ கொக்கியிலிருந்து தனியே தாங்கவேண்டும். ஒயரை இணைத்து ஒட்டுநாடா சுற்றிவிடுவது வேலையன்று, வேலையின் பாவனை. இணைப்புக் கட்டை சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. எல்.இ.டி. பல்பை மின்விசிறியின் ரெகுலேட்டரோடு இணைத்து ஒளியைக் குறைக்க முயல்வோரும் உளர். அது பல்பையும் கெடுக்கும், ரெகுலேட்டரையும் கெடுக்கும். வீட்டின் தலைமைப் பெட்டியில் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் மின்கசிவுத் தடுப்பான் இல்லையேல், எந்த அலங்கார விளக்குக்கும் முன்னர் அதற்குப் பணம் ஒதுக்குக. மேற்சொன்ன அம்மையார் வீட்டில் இப்போது அது இருக்கிறது.

மற்றொரு விளக்கைச் சொல்லாமல் விடுவது தகாது. திரு இருதய ஆண்டவர் படத்தின்முன் இரவும் பகலும் எரியும் சிறு சிவப்பு விளக்கு. பல இல்லங்களில் அது இன்றும் பழைய ‘ஜீரோ வாட்’ பல்பே. பெயர்தான் ஜீரோ, அது கொள்வது ஏறத்தாழ 15 வாட். ஓயாது எரிவதால் ஆண்டுக்கு 131 யூனிட்; மேற்சொன்ன 60 வாட் குண்டு பல்பு நாளுக்கு ஐந்து மணி எரிவதினும் மிகுதி! 0.5 வாட் சிவப்பு எல்.இ.டி. பல்பை அதே ஹோல்டரில் மாட்டினால் ஐந்து யூனிட்கூட ஆகாது. செலவைவிட முக்கியமானது வேறு. அப்பல்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் மாலையும் காகிதப் பூவும் சரிகைத் துணியும் ஆண்டுக்கணக்கில் ஒட்டிக் கிடக்கின்றன. பழைய பல்பின் சூட்டில் அவை உலர்ந்து உலர்ந்து பஞ்சுபோல் ஆகியிருக்கும். இன்று மாலையே மாலையை எடுத்துக் கழுவி, பல்பினின்று ஒரு சாண் தள்ளிப் போடுக. கடையில் விற்கும் பிளாஸ்டிக் சிவப்பு விளக்கின் வடிவம் பிடிக்காதோர் அதன் மூடியைக் கழற்றிவிட்டு, சிவப்புக் கண்ணாடிக் குவளை ஒன்றைக் கவிழ்த்து வைக்கலாம். காற்றுப் போக அடியில் இரு சிறு மரத்துண்டு கொடுத்தாற் போதும்.

பல்பு வாங்கும்போது ஒரு சோதனை. எரியும் பல்பைக் கைப்பேசியின் ஒளிப்படக் கருவி வழியே பார்க்கவும். திரையில் கரும்பட்டைகள் அழுத்தமாக ஓடினால் அப்பல்பு கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கிறது. படிப்பு மேசைக்கு அது வேண்டாம். சிலருக்கு அதனால் தலைவலி வரும். இந்தியத் தர முத்திரையும், மின்சிக்கனத்திற்கான நட்சத்திரக் குறியீடும் பெட்டியில் உள்ளனவா என்று பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும்.

திருமண வீடுகளில் கடன் வாங்கி வாங்கிய கொத்துவிளக்குகள் சில, ஒரு பல்பு போனால் மாற்றுப் பல்பு கிடைக்காமல் கூடத்தின் நடுவே இருண்டு தொங்குவதை நாம் கண்டதுண்டு. ஓலைக்கூட்டை மாட்டினால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார் என்று கேட்ட தந்தையார் ஒருவரிடம், சம்பந்தி வீட்டாரை ஒருநாள் மாலை அழைத்து அதன்கீழ் உட்காரவைத்துப் பாருங்கள் என்றோம். அவர் இன்னும் அழைக்கவில்லை.

பழைய விளக்கைக் கழற்றும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும். சுருள்வடிவச் சி.எஃப்.எல். பல்புகளிலும் நீண்ட ட்யூப்லைட்டுகளிலும் சிறிதளவு பாதரசம் உண்டு. அவற்றை உடைத்துக் குப்பையில் போடலாகாது. பிள்ளைகள் விளையாடக் கொடுக்கவுமாகாது. தவறி உடைந்தால் சன்னல்களைத் திறந்துவிட்டு எல்லாரும் கால்மணி நேரம் வெளியே இருக்கவேண்டும். பின்னர் துடைப்பத்தால் பெருக்காமல், கெட்டி அட்டையால் துண்டுகளை ஒன்றுசேர்த்து, ஈரத்தாளால் தரையைத் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள புட்டியில் இட்டு மின்கழிவு பெறும் இடத்தில் கொடுக்கவேண்டும். உடையாதவற்றைப் பழைய அட்டைப்பெட்டியிலேயே வைத்துக் கொடுக்கலாம்.